பட்டோலா, கலம்காரி, பாத்திக்: கைவேலையா, அச்சா? – வாசகர் கேள்வி-பதில்

தங்கையின் திருமணத்துக்காகக் கண்காட்சி ஒன்றில் ‘அசல் பதான் பட்டோலா’ என்று சொல்லி விற்ற பட்டுப் புடவையை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லிலும் ‘பதான் பட்டோலா’ என்றே இருக்கிறது. விவரம் தெரிந்த உறவினர் ஒருவர், இது பட்டோலாவே இல்லை என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கோவை

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். தவறு உங்களுடையது அன்று. எழுதிக் கொடுத்தவரை நம்பித்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

குஜராத்தின் பதான் ஊரில் சால்வி குடும்பத்தினர் நெய்யும் பட்டோலாவில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையுமே தறியில் ஏற்றுவதற்கு முன்பு, வரப்போகும் யானை, கிளி, இலை ஆகியவற்றின் கணக்குப்படி இடம் விட்டு இடம் கட்டிச் சாயம் தோய்த்துவிடுவார்கள். நெய்யும்போது பாவின் சிவப்பின் மேல் ஊடையின் சிவப்பு வந்து சரியாக அமர வேண்டும். சற்று விலகினாலும் ஊசி முனையால் நூலை நகர்த்திச் சரிசெய்த பிறகே வேலை தொடரும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு புடவையை முடிக்க நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆவதால், அதன் விலை லட்சத்தைத் தாண்டியே இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பெயரும் அது.

புடவையின் வெட்டுமுனையில் இரண்டு நூல்களைப் பிரித்துப் பாருங்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டிலும் விட்டு விட்டுப் பல நிறங்கள் ஓடினால் அது இரட்டை இக்கத் (நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் தோய்க்கும் முறைக்கு இக்கத் என்று பெயர்). ஊடையில் மட்டும் நிறங்கள் மாறி, பாவு ஒரே நிறமாக இருந்தால், அது ராஜ்கோட் பக்கம் நெய்வதைப் போன்ற ஒற்றை இக்கத். நல்ல துணிதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவன்று. நூலின் மேற்புறத்தில் நிறமும், மற்றொரு நூலின் அடியில் மறைந்திருந்த இடத்தில் வெளுப்புமாக இருந்தால் அது வெறும் அச்சு.

பிறகு, பில்லின் நகலை இணைத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு விற்றவருக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் வகையையும் தரத்தையும் பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கோவையிலேயே மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பெயரைச் சொல்லி விற்ற துப்பட்டா ஒன்றை நானும் வாங்கினேன். ‘பட்டுத் துப்பட்டா – 1’ என்று மட்டும் பில்லில் எழுதியிருந்ததால் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. எனக்குக் கிடைக்காத சாட்சி உங்கள் கையில் இருக்கிறது. அசல் பில்லை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கையால் வரைந்த கலம்காரிப் புடவை 699 ரூபாய் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், வேலூர்

கூடாது. அந்த விலைக்கு வெறும் துணி கிடைக்கும். வரைந்தவருக்கு ஒரு நாள் கூலிகூடக் கிடைக்காது.

படம் ஒன்றாகவே இருக்கும்போது, கையால் வரைந்த கலம்காரிக்குப் பல மடங்கு விலை எதற்கு? அச்சடித்ததையும் எல்லாக் கடைகளிலும் கலம்காரி என்றுதானே சொல்கிறார்கள்?
– வாசகி, ஈரோடு

எல்லாக் கடைகளிலும் அப்படிச் சொல்வதுதான் என் நெடுநாள் குறை, அம்மா. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கலம் என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல், காரி என்றால் வேலை. ஸ்ரீகாளஹஸ்தியில் அந்த எழுதுகோல் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. அதன் நடுவில் சுற்றிய கம்பளி நூல் சாயத்தை உறிஞ்சி வைத்திருக்க, வரைபவர் விரலால் அழுத்த அழுத்த முனையில் கோடு இறங்குகிறது. பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் சாயம் பரவாமல் கோடு கோடாகவே நிற்கிறது. பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த கரைசல்தான் கருப்பு மை. அது துணியில் படும்போது கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கருக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டி, பிறகு சாயத்தில் இட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே ஓடும் நீரில் அலசல், வெயிலில் உலர்த்தல். நீங்கள் கொடுக்கும் விலை இத்தனை வேலைகளுக்கும் சேர்த்துத்தான்.

மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் மரக்கட்டைகளால் ஒற்றி எடுப்பதும் கலம்காரிதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்கி, கையால் வைத்து, கையால் தட்டிச் செய்வது அது. அதையும் நான் மதித்தே வாங்குகிறேன். இயந்திரத்தில் மீட்டர் கணக்கில் ஓடி வரும் துணிக்கும் அதே பெயரைச் சூட்டுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன இந்தப் பூத்துணிகளுக்கு ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி இருந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடையே விதித்தது. காஷ்மீர்ச் சால்வையின் மாங்காய் வடிவத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் பேஸ்லி நகரத்துத் தறிகளில் அது 19-ஆம் நூற்றாண்டில் நகலெடுக்கப்பட்டது. இன்று உலகின் பெரும்பகுதி அந்த வடிவத்தையே ‘பேஸ்லி’ என்றுதான் அழைக்கிறது. வடிவத்தோடு பெயரும் கைமாறிப் போனால், செய்தவர் தம் உழைப்பைச் சொல்லி விலை கேட்பதற்குச் சொல்லே இல்லாமல் போகிறது.

அச்சுத் துணியை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை; தினமும் உடுத்த அது போதும். ஆனால் விலைச்சீட்டில் ‘கலம்காரி மாதிரி அச்சு’ என்று எழுதச் சொல்லுங்கள். கைவேலை என்று சொல்லி விற்றால் ‘கையால் வரைந்தது’ அல்லது ‘மரக்கட்டை அச்சு’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

‘பாரசீக வேலைப்பாடு, முழுக்கக் கைவேலை’ என்று 42,000 ரூபாய்க்கு வாங்கிய கம்பளத்தின் அடியிலிருந்து மூன்றே ஆண்டுகளில் வெள்ளைப் பொடி உதிர்கிறது. காரணம் என்ன?
– வாசகர், திருச்சி

அது பசை. உங்கள் கம்பளம் முடிச்சுப் போட்டு நெய்ததன்று. விரித்துக் கட்டிய துணியில், கையில் பிடிக்கும் கருவியால் கம்பளி நூலைக் குத்தி இறக்கி, அடியில் ரப்பர் பசை தடவி, மேலே ஒரு துணியை ஒட்டி மறைத்துவிடுவார்கள். பசை காய்ந்து நொறுங்கும்போது பொடியாகக் கொட்டுகிறது. கருவியைப் பிடித்தது கைதான் என்பதால் ‘கைவேலை’ என்ற சொல்லுக்குள் விற்றவர் ஒளிந்துகொள்வார்.

இதே வகைக் கம்பளம் ஒன்று என் வீட்டு முன்னறையிலும் ஆறு ஆண்டுகள் கிடந்தது. கடையில் மேற்புறத்துப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. முடிச்சுக் கம்பளத்தைத் திருப்பினால் அதே பூ, அதே நிறம், முடிச்சு முடிச்சாகப் பின்புறத்திலும் தெரியும்; ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும். பின்புறம் துணி ஒட்டியிருந்தாலோ குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தாலோ அது முடிச்சு வேலை இல்லை. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஆணையத்தில் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். பில்லில் ‘முடிச்சு’ என்ற சொல் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்து மாலியோபோரோ தெருவில் வாங்கிய பாத்திக் துணி அசலா என்று எப்படி அறிவது?
– வாசகி, சிங்கப்பூர்

திருப்பிப் பாருங்கள். பின்புறம் வெளுத்திருந்தால் அச்சு. சிறு செப்புக் குழல் வழியே உருகிய மெழுகை ஊற்றிக் கோடு கோடாக வரையும் ‘துலிஸ்’ வகையில் இரு புறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். எந்த இரண்டு பூவும் அச்சாக ஒன்றுபோல் இரா. செப்பு அச்சால் மெழுகை ஒற்றும் ‘சாப்’ வகையில் வடிவம் திரும்பத் திரும்ப வரும். அதுவும் அசல் பாத்திக்தான், விலை மட்டும் குறைவு. 2009-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது இந்த மெழுகு வேலை.

வீட்டுக்கு வந்த ஒருவரிடம் மூன்று போச்சம்பள்ளிப் புடவைகளை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். பில் வாங்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. வெள்ளைத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டதில் சாயம் இறங்கி எல்லாம் பாழாகிவிட்டன. யார் மீது வழக்குத் தொடரலாம்?
– வாசகர், சென்னை

யார் மீதும் தொடர முடியாது. பில் தராமல் விற்பதையே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகத்தான் பார்க்கிறது. ஆனால் விற்றவர் யார் என்றே தெரியாதபோது ஆணையம் யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்? மூன்று புடவைக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டிருக்க வேண்டாமா? கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. அடர்ந்த சாயமுள்ள புதுத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் துவைத்ததற்கு, விற்றவர் கிடைத்தாலும் அவரைப் பொறுப்பாக்க இயலாது.

மதுரையில் வாங்கிய சுங்குடிப் புடவையில் புள்ளிகள் ஒரே அளவில் இல்லை. துணியும் சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது. குறையுள்ள பொருள் என்று திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, விருதுநகர்

கொடுக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் விரல் நுனியில் துணியைக் கிள்ளி, நூல் சுற்றிக் கட்டிய முடிச்சு. அந்தச் சுருக்கம் முடிச்சு அவிழ்த்த தடம். முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த நீரில் உப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள்.