குரோஷாவில் ஆமை கீசெயின் பின்னினால் ஓட்டையில் பஞ்சு தெரிகிறதே, ஏன்?

கடலூர்க்காரர் கேட்டதால் ஆமை என்றதும் நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைதான் நினைவுக்கு வந்தது. நான் புதுச்சேரி, என் முதல் ஆமையிலும் பஞ்சு எட்டிப் பார்த்தது.

காரணம் பெரும்பாலும் ஊசிதான். நூல்கண்டின் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்பதுபோலப் போட்டிருக்கும். அது துணிக்கு, பொம்மைக்கு அல்ல. 2.5 அல்லது 3 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள், தையல் நெருங்கி உட்காரும். விரல் கொஞ்சம் வலிக்கும், சரி.

ஆமையின் முதுகு ஓட்டுக்கு, மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல்வளையம்) 6 சிங்கிள் குரோஷே (குரோஷாவின் அடிப்படைக் குட்டைத் தையல்). அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு, ஆக 12. அப்புறம் 18, 24. பிறகு கூட்டாமல் மூன்று சுற்று போட்டால் கிண்ணம் மாதிரி குவியும். சுற்றின் முதல் தையலில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். எண்ணிக்கை தவறினால் ஆமை ஒரு பக்கம் சாயும். தையல்களைக் குறைக்கும்போது இரண்டு தையல்களின் முன்கண்ணிகளை (உங்கள் பக்கம் இருக்கும் நூல்வளைவுகளை) மட்டும் சேர்த்து எடுங்கள். முழுத் தையலையும் எடுத்தால் அங்கேதான் ஓட்டை விழும். பஞ்சை அமுக்கித் திணிக்காதீர்கள், பிய்த்துப் பிய்த்து வையுங்கள்.

கம்பளியைவிடப் பருத்தி நூல் நல்லது, சாவியோடு உரசினாலும் சீக்கிரம் பிசிறாது. வளையத்தை ஒற்றைத் தையலில் மாட்டாமல், சின்னச் சங்கிலி பின்னி, அதன் நுனியை உடலுக்குள் இழுத்து முடிச்சிடுங்கள். துருப்பிடிக்காத வளையமாக வாங்குங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் என் வெள்ளை ஆமையின் கழுத்தில் பழுப்புக் கறை ஏறிவிட்டது.