சுகரும் மனசும்: உங்க கேள்வி, என் பதில்

வணக்கம். நான் 19 வருஷமா சுகர் கிளினிக்ல நர்ஸா இருக்கேன், இப்ப டயபடீஸ் எஜுகேட்டர். சுகர் பேஷண்ட்களோட மனச்சோர்வு பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்வில முடிஞ்சதுக்கு பதில் சொல்றேன். மாத்திரைய மாத்துறது, நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டர கேட்டு மட்டும்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 58 வயசு, சுகர் வந்து 11 வருஷம். தினம் காலைல வாக்கிங் போய்ட்டு அப்டியே டீக்கடைல பேப்பர் படிச்சுட்டு வருவாரு, இப்ப ரெண்டு மாசமா கட்டில விட்டே எந்திரிக்க மாட்டேங்குறாரு. அம்மா சோம்பேறித்தனம்னு திட்டிட்டே இருக்காங்க. இது சுகர் அசதியா டிப்ரஷனா?

பதில்: தம்பி, முதல்ல திட்டுறத நிறுத்தச் சொல்லி அம்மாகிட்ட சொல்லுங்க. அசதி, தூக்கம் கெடுறது, பசி மாறுறது, எடை குறையுறது எல்லாமே சுகர் ஏறினாலும் வரும், டிப்ரஷன்லயும் வரும், அதனால அத வச்சு பிரிச்சுப் பாக்க முடியாது. அப்பாகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. முன்னாடி ஆசையா செஞ்சது எதுலயும் இப்ப மனசு போகலயா? இனிமே என்ன இருக்குன்னு விட்டுப் போன மாதிரி இருக்கா? ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் இப்டின்னா டாக்டர்கிட்ட காட்டணும். டிப்ரஷன அளக்க பிஎச்க்யூ-9ன்னு 9 கேள்வி உள்ள தாள் இருக்கு, மொத்தம் 27 மார்க், 10 இல்லன்னா அதுக்கு மேல வந்தா டாக்டர் விசாரிச்சுப் பாப்பாரு. அஞ்சு நிமிஷ வேலை. கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூணும் பாக்கச் சொல்லுங்க, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய பல வருஷமா போடுறவங்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுலயும் இதே மாதிரி சோர்ந்து போவாங்க.

கேள்வி: சுகரால டிப்ரஷன் வருதா, டிப்ரஷனால சுகர் வருதா?

பதில்: ரெண்டு பக்கமும் உண்டு. சுகர் இல்லாதவங்கள விட இருக்கறவங்களுக்கு டிப்ரஷன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மனசு அழுத்தத்துலயே இருந்தா கார்டிசால்ங்கிற ஹார்மோன் கூடி சுகர ஏத்தும், அதோட சோர்ந்து கெடக்குறவரு நடக்க மாட்டாரு, மாத்திரைய மறப்பாரு, அதுல இன்னும் ஏறும். நீண்ட நாள் துக்கம் சுகருக்கு ஒரு காரணம்னு இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டுலயே எழுதியிருக்காரு, நாம இன்னும் சர்க்கரைய குறை, அரிசிய குறைன்னு மட்டுந்தான் சொல்லிட்டு இருக்கோம்.

கேள்வி: எனக்கு அழுகையெல்லாம் வரல சிஸ்டர், ஆனா இந்த வியாதியே வெறுத்துப் போச்சு. கல்யாண வீட்ல பந்தில உக்காந்தா எல்லாரும் என் இலையத்தான் பாக்குறாங்க, ஜாங்கிரி வச்சா மாமியார் அங்கேருந்தே குரல் குடுக்குறாங்க. இதுவும் டிப்ரஷனா?

பதில்: இதுக்கு தனியா டயபடீஸ் டிஸ்ட்ரெஸ்னு பேரு இருக்கும்மா. மத்த விஷயத்துல நல்லா இருப்பீங்க, இந்த வியாதிய தினம் சுமக்குறது மட்டும் ஆள அடிச்சுப் போடும். இத அளக்க 1995லயே 20 கேள்வி உள்ள பெய்ட்னு ஒரு படிவம் வந்துருச்சு. இதுக்கு டிப்ரஷன் மாத்திரை தேவைப்படாது, கூட இருக்கறவங்க பேச்சு மாறணும், டாக்டரும் ஒரேடியா பத்து கண்டிஷன் போடாம ஒண்ணு ஒண்ணா சொல்லணும்.

ஒரு அம்மா எங்ககிட்ட வருவாங்க, அவங்க சுகர் நோட்டுல 110, 112, 108, 110னு ஒரு மாசம் முழுக்க அழகா இருக்கும். ஒருநாள் கவனிச்சேன், எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ராத்திரி உக்காந்து ஒண்ணா எழுதினது. மீட்டர வாங்கி மெமரிய தட்டினா 287, 312. கோவமா ரெண்டு வார்த்த சொல்லிட்டேன். அவங்க நோட்ட பைக்குள்ள வச்சுட்டு, "நெஜத்த எழுதினா நீங்களும் திட்றீங்க, வீட்லயும் திட்றாங்க சிஸ்டர்"னாங்க. நாலு மாசம் வரவே இல்ல. அடுத்து வந்தப்ப கால்ல புண்ணு. அன்னைலேருந்து நோட்ட தொறக்குறதுக்கு முன்னாடி "எப்டி இருக்கீங்க, தூக்கம் வருதா"ன்னு கேட்டுட்டுத்தான் நம்பர பாக்குறேன்.

கேள்வி: டிப்ரஷன் மாத்திரை போட்டா சுகர் ஏறுமாமே? ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?

பதில்: எல்லா மாத்திரையும் ஏத்தாது. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் எடை கூட்டும், அதனால கவனம் வேணும். ஃப்ளுவாக்ஸெடின் மாதிரி சிலது சுகர கொஞ்சம் எறக்கக்கூட செய்யும், அதனால ஆரம்பிச்ச புதுசுல அடிக்கடி செக் பண்ணுங்க. கால் எரிச்சலும் சேந்து இருந்தா டுலாக்ஸெடின் ரெண்டுக்கும் உதவும். மனநல டாக்டர்கிட்ட சுகர் மாத்திரை சீட்டையும், சுகர் டாக்டர்கிட்ட அங்க குடுத்த சீட்டையும் கண்டிப்பா காட்டுங்க. பலன் தெரிய ரெண்டுலேருந்து ஆறு வாரம் ஆகும். போதை மாதிரி அடிமையாக்காது, ஆனா நீங்களா டக்குனு நிறுத்தக்கூடாது, படிப்படியாத்தான் குறைப்பாங்க.

கேள்வி: இதெல்லாம் பண்ணா சுகர் குறையுமா?

பதில்: நம்ம நாட்லயே பாத்திருக்காங்க. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் கிளினிக்ல சுகரும் டிப்ரஷனும் ரெண்டும் இருக்குற 404 பேர வச்சு பண்ண ஆராய்ச்சி, 2020ல வெளிவந்துச்சு. டாக்டர் இல்லாத, பயிற்சி எடுத்த ஒருத்தர் அந்த பேஷண்ட்கிட்ட தொடர்ந்து பேசி விசாரிச்சுட்டே இருந்தாரு, பின்னாடி டாக்டருங்க சேந்து மருந்த சரி பண்ணாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா, மனச்சோர்வு குறைஞ்சு கூடவே சுகர், பிரஷர், கொழுப்புல ஒண்ணாவது முன்னேறினவங்க இப்டி தொடர்ந்து கவனிச்ச பக்கந்தான் அதிகம். வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைச்சவங்க அந்த அளவு வரல.

கேள்வி: என் வீட்டுக்காரரு இன்சுலின் போடுறவரு. "யாருக்கும் பாரமா இருக்க வேணாம்"னு அடிக்கடி சொல்றாரு. பயமா இருக்கு.

பதில்: இத சாதாரணமா விடாதீங்கம்மா. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துராது, பேச ஒரு வழி கிடைக்கும். தனியா விடாதீங்க, இன்சுலினும் மாத்திரையும் உங்க கைல இருக்கட்டும், நேரத்துக்கு நீங்களே எடுத்துக் குடுங்க. இன்னைக்கே 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். அவசரம்னா 108.

கேள்வி: அக்கா, முதல்ல அப்பாவ பத்தி கேட்டது நான்தான். நீங்க சொன்ன அந்த ரெண்டு விஷயத்தையும் அவர்கிட்ட கேட்டுட்டேன். ரொம்ப நேரம் பேசல, "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு மட்டும் சொன்னாரு.

பதில்: அப்போ ஆமான்னு சொல்லிட்டாரு தம்பி. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. மாத்திரை கவர், மீட்டர், பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கோங்க, உள்ள போனதும் அவரையே பேச விடுங்க.