கேளுங்கள், சொல்கிறோம்: கோவா ட்ரான்ஸ் தொகுப்புகள்

கேள்வி: பல கலைஞர்கள் சேர்ந்த கோவா ட்ரான்ஸ் (கோவா கடற்கரைகளில் வளர்ந்த மின்னணு நடன இசை) தொகுப்புகளில், ஒரு சிடிக்கு 8 அல்லது 9 பாட்டுதான் இருக்கிறது. பல பாட்டுகளில் முதல் ஒரு நிமிடம் தாளமே வருவதில்லை. ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. பாட்டு ஒவ்வொன்றும் 8, 9 நிமிடம் ஓடினால் அவ்வளவுதான் அடங்கும். தாளமில்லாத தொடக்கம் கோவாவின் அஞ்சுனா, வாகத்தோர் கடற்கரைகளில் பிறந்த பழக்கம். அந்த வெயிலிலும் புழுதியிலும் இசைத்தட்டுகள் தாங்காது என்று டிஜேக்கள் டேட் (டிஜிட்டல் ஒலிப்பதிவு) நாடாவுக்கு மாறினார்கள். சாதாரண டேட் கருவியில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதனால் இரண்டு பாட்டின் தாளத்தைப் பொருத்த முடியாது. ஒன்று அடங்கும்போது அடுத்ததை மெல்ல ஏற்ற வேண்டும். இசையமைப்பவர்களும் அதற்கு இடம் விட்டே பாட்டைக் கட்டினார்கள். அந்த இடத்தைக் கேட்க வேண்டுமென்றால், ஒரே கோவையாகக் கலந்த 'மிக்ஸ்டு' பதிப்பை விட்டுவிட்டு, பாட்டுகள் முழுசாக இருக்கும் பதிப்பை வாங்குங்கள்.

கேள்வி: இன்றைய தொகுப்புகளை எங்கே தொடங்குவது? (கோவை வாசகர்)

பதில்: பெல்ஜியத்தின் சன்ட்ரிப் ரெக்கார்ட்ஸ் வெளியீடுகளில் தொடங்கலாம். 90களின் மெல்லிசை அடுக்குகளை இன்றைய ஒலித்தெளிவோடு தருகிறவர்கள். செலவில்லாமல் வேண்டுமென்றால் குரோஷியாவின் நியோகோவா தொகுப்புகளைத் தேடுங்கள். எக்டோபிளாசம் தளத்தில் கலைஞர்களின் அனுமதியோடு இலவசமாகவே கிடைக்கும்.

கேள்வி: சில பாட்டுகளில் தோடி கேட்கிற மாதிரி இருக்கிறது. பிரமையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பிரமை இல்லை. இந்த இசையில் அதிகம் புழங்கும் ஃபிரிஜியன் என்ற மேற்கத்திய அளவையின் சுரங்கள் ஸ ரி1 க2 ம1 ப த1 நி2. அதாவது அனுமத்தோடி மேளம். க2 போய் க3 வந்தால் வகுளாபரணம். அதோடு நி3-யும் சேர்ந்தால் மாயாமாளவகௌளை. ஆனால் கமகம் இல்லாததால் தோடியின் சுரம் இருக்கும், தோடி இருக்காது.

கமகம் செய்யும் வேலையை இங்கே ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் செய்கிறது. ரோலண்ட் டிபி-303 என்ற பாஸ் சிந்தசைசர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அடி கொண்ட ஒரு சுர வரிசை திரும்பத் திரும்பச் சுற்றும். எந்த அடி அழுத்தமாக விழ வேண்டும், எது அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போக வேண்டும் என்று அடிக்கு அடி குறிக்கலாம். சுரம் மாறாமலே ஃபில்டரின் கட்ஆஃப் குமிழை மட்டும் மெதுவாகத் திறந்தால், மூடிய வாய்க்குள் முனகுவது போலிருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையாகிக் கடைசியில் கீச்சிடும். ஹெட்ஃபோனில் அந்த ஒரு இழையை மட்டும் விடாமல் பிடித்துக் கேளுங்கள். 8 நிமிடம் நீளமாகவே தெரியாது.

கேள்வி: ஒரு தொகுப்பிலிருந்து 6 பாட்டுகளை எடுத்து நானே கலக்கிப் பார்த்தேன். சேருமிடத்தில் பாஸ் கொழகொழவென்று ஆகிறது, மெட்டும் மோதுகிறது. (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. பாஸ் குழைவதற்குக் காரணம், இரண்டு கிக்கும் (தாளத்தின் கனத்த முரசடி) இரண்டு பாஸும் ஒரே நேரத்தில் ஒலிப்பது. மிக்சரில், உள்ளே வரும் பாட்டின் 'லோ' (தாழ்ந்த ஒலி) குமிழை முழுக்க இறக்கி வைத்து ஆரம்பியுங்கள். பழைய பாட்டில் ஒரு பகுதி முடியும் இடத்தில் அதன் லோவை இறக்கி, அதே நொடியில் புதியதன் லோவை ஏற்றுங்கள். அந்த இடத்தைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம்: 145 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 145 தட்டு) 32 பார் என்பது, பாருக்கு 4 வீதம் 128 தட்டு, கிட்டத்தட்ட 53 நொடி.

மெட்டு மோதினால் சுருதியைப் பாருங்கள். இரண்டு பாட்டின் ஆதார சட்ஜமும் ஒன்றாகவோ, ஒன்றுக்கு மற்றது பஞ்சமமாகவோ இருந்தால் பெரும்பாலும் ஒட்டும். அரைச் சுரம் தள்ளியிருந்தால் என்ன செய்தாலும் ஒட்டாது. மெட்டில்லாத தொடக்கத்தின் மேல்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு கண்ணி: 140-இல் உள்ள பாட்டை 144-க்கு இழுத்தால் ஏறக்குறைய 3 சதவீதம். வேகம் மாறினாலும் சுருதியைக் காக்கும் 'கீ லாக்' போடாவிட்டால் சுருதி கால் சுரம் ஏறிவிடும். அதைப் போட்டாலோ, அதிகம் இழுக்கும்போது கிக்கின் முனை மழுங்கும். எனவே 2 சதவீதத்துக்குள் நில்லுங்கள். 138-இல் ஆரம்பித்து 146 வரை படிப்படியாக ஏறும்படி வரிசையை முதலிலேயே அமைத்துவிட்டால் இந்த இழுபறியே வராது.

கேள்வி: டவுன்லோடு செய்த ஒரே தொகுப்பு, போனில் 9 ஆல்பமாகச் சிதறிக் கிடக்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: எல்லாப் பாட்டுக்கும் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று எழுத்துப் பிசகாமல் போடுங்கள். கலைஞர் பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் மட்டும் இருக்கட்டும். ஆல்பம் பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் கூடினாலும் சில பிளேயர்கள் தனி ஆல்பமாகப் பிரித்துவிடும். இரட்டை சிடி என்றால் டிஸ்க் எண்ணையும் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் பாட்டு இரண்டு வந்து வரிசை குழம்பும்.