கேட்டதும் சொன்னதும்: ஆர்க்கி விருதும் ஒரு வான்கோழிக் கூப்பனும்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே 'ஆர்க்கி விருது' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அது என்ன, யார் கொடுத்தது, இப்போதும் உண்டா என்று கேட்டு நிறையக் கடிதங்கள். தொலைபேசி பழுதுபார்ப்பு பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கே: சேர், வீடியோ கேம்களுக்கு விருது கொடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிற 'தி கேம் அவார்ட்ஸ்' தானே முதலாவது?
(உயர்தர வகுப்பு மாணவன், கொட்டகலை)

இல்லை தம்பி. நீங்கள் சொல்கிற விழா 2014இல் தொடங்கியது. அதற்கு 34 வருடங்களுக்கு முன்பே, 1980இல், அமெரிக்காவில் ஆர்கேட் விருதுகளை அறிவித்துவிட்டார்கள். ஆர்கேட் என்றால் நாணயம் போட்டு ஆடும் கேம் கூடம். செல்லமாக அதைத்தான் ஆர்க்கி என்றார்கள்.

மேடை, இசை, சிவப்புக் கம்பளம் ஒன்றும் கிடையாது. எல்லாம் அச்சில். 'வீடியோ' என்றொரு அமெரிக்கச் சஞ்சிகையில் பில் கங்கல், ஆர்னி காட்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் 'ஆர்கேட் ஆலி' என்ற பத்தியை எழுதிவந்தார்கள். படக்கருவி, டேப் இயந்திரம் பற்றிய சஞ்சிகையில் விளையாட்டுக்கென ஒரு மூலை. விருதுகள் முதலில் அந்த மூலையில்தான் வந்தன. 1981 கடைசியில் அவர்களும், ஜாய்ஸ் வொர்லி என்ற பெண்மணியும் சேர்ந்து 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற தனிச் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வீடியோ கேமுக்கென்றே வந்த முதல் சஞ்சிகை அது. அதன் பிறகு விருதுகள் அதில் வெளியாயின.

இவர்கள் மூவரும் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அறிவியல் புனைகதை வாசகர் வட்டத்திலிருந்து. தாங்களே எழுதி, தாங்களே பிரதி எடுத்து, தபாலில் அனுப்பும் சின்னஞ்சிறு இதழ்களில் பழகிய கைகள். மலையகத்தில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. படிக்கிறவனையும் எழுதுகிறவனையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிற குணம் அங்கிருந்து வருவது. ஆர்க்கி விருதிலும் அந்தக் குணம் தெரியும். நாணயம் போட்டு ஆடும் இயந்திரம், வீட்டு டீவியில் ஆடும் கேம், கணினியில் ஆடும் கேம், கையடக்கக் கருவி என்று பிரித்தார்கள். தனியாக ஆடச் சிறந்தது எது, இருவர் மோதச் சிறந்தது எது, புதுமையில் முந்தியது எது என்று அதற்குள்ளும் பிரித்தார்கள். ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கூடவே எழுதினார்கள். சிறுவர் பொம்மை என்று உலகம் ஒதுக்கிவைத்திருந்த பொருளை, கவிதையையும் நாடகத்தையும் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு அவர்கள்மேல் உள்ள மரியாதை அதனால் வந்தது.

கே: விருது பெற்ற கேம்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானது எது? அதைச் செய்தவர் யார் என்றும் எழுதுங்கள்.
(ஓர் ஆசிரியை, பதுளை)

'டீமன் அட்டாக்', டீச்சர். 1983க்கான ஆர்க்கியில் வீட்டு வீடியோ கேம்களில் ஆண்டின் சிறந்த கேம். (அதே முறை நாணய இயந்திரங்களில் 'ட்ரான்' வென்றது.) செய்தவர் ராப் ஃபுலொப். நீங்கள் 'செய்தவர் யார்' என்று கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கதையே அங்கேதான் இருக்கிறது.

அப்போது வீட்டு கேம் என்றால் அட்டாரி என்ற அமெரிக்க நிறுவனம்தான். 1977இல் அவர்கள் விட்ட இயந்திரத்துக்குள் வேலைக்கான நினைவகம் 128 பைட். கிலோ பைட் அல்ல, வெறும் பைட். இன்றைய கணினி முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போய்விடும். 128 பைட்டில் இந்த வாக்கியத்தைக்கூட நான் முடிக்க முடியாது. அதற்குள் ஒரு விண்வெளிப் போரை ஆட்டிவைக்க வேண்டும். ஒரு கேமை ஒரே ஆள் செய்வார். யோசனை, படம், சத்தம், நிரல் எல்லாம் அவர் தலையில். ஆனால் பெட்டியிலும் பெயர் இராது, திரையிலும் இராது. அட்டாரி மட்டும்தான் இருக்கும்.

ஃபுலொப் அங்கே வேலை செய்தவர். 'மிஸைல் கமாண்ட்' கேமை வீட்டு இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது அவர்தான். அது அமோகமாக விற்றது. கிறிஸ்துமஸ் வந்தபோது போனஸாகக் கையில் கிடைத்தது ஒரு வான்கோழி வாங்குவதற்கான கூப்பன். பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே சொன்ன விஷயம் இது. வேலையை விட்டார். இன்னும் சிலரோடு சேர்ந்து 1981இல் 'இமேஜிக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே அவர் செய்ததுதான் டீமன் அட்டாக். பனி மூடிய நிலத்தின் மேலே சிறகடித்து வருகிற பேய்கள். சுட்டால் இரண்டாகப் பிளந்து திரும்பவும் வரும். அட்டாரி வழக்குப் போட்டது, தாங்கள் உரிமை வாங்கியிருந்த 'ஃபீனிக்ஸ்' கேமைப் போலவே இருக்கிறது என்று. நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகப் போனார்கள். ஆண்டின் சிறந்த கேம் என்ற பட்டம் ஃபுலொப்பின் வேலைக்குக் கிடைத்தது.

அவருக்கு முன்பே நால்வர் வெளியேறியிருந்தார்கள்: டேவிட் க்ரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட். 1979இல் 'ஆக்டிவிஷன்' தொடங்கியவர்கள் இவர்கள்தான். கேம் செய்தவர் பெயரை அச்சிடுவதைக் கொள்கையாக வைத்தார்கள். கிளம்புமுன் அட்டாரித் தலைவரிடம் நியாயம் கேட்கப் போனபோது, கார்ட்ரிட்ஜை (கேம் அடங்கிய கசட்டை) பூட்டி அடுக்குகிற தொழிலாளியை விட நீங்கள் முக்கியமானவர்கள் அல்ல என்ற பொருளில் பதில் வந்ததாக க்ரேன் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை எழுதுகிற எல்லோரும் அந்த நால்வருக்காக மட்டும் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பூட்டி அடுக்குகிறவரை ஏன் சிறுமைக்கு அளவுகோலாக எடுத்தார்? தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், கொழுந்து பறித்த கையின் பெயர் எங்கேயும் இராது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இவர்கள் பெயரையும் போடு, அவர்கள் பெயரையும் போடு என்பதுதான் என் பதிலாக இருந்திருக்கும்.

வாரன் ராபினெட் இன்னொரு வழி கண்டார். 1980இல் வந்த 'அட்வென்ச்சர்' அவருடையது. கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சுவருக்குப் போனால் ரகசிய அறை திறக்கும். உள்ளே 'ஆக்கியவர் வாரன் ராபினெட்' என்று எழுத்து மின்னும். நிறுவனத்துக்குத் தெரியவந்தபோது அவர் வேலையை விட்டே போய்விட்டார், கார்ட்ரிட்ஜுகள் ஊரெல்லாம் போய்விட்டன.

இந்த நிலைமையில்தான் ஒரு சஞ்சிகை வந்து, இது நல்ல வேலை, இதன் நன்மை இன்னது என்று ஆண்டுதோறும் எழுதிற்று. செய்தவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தது. அந்த விருதை நான் பெரிதாகப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

கே: அந்தக் காலத்தில் நம் மலைநாட்டில் இதெல்லாம் இருந்ததா அண்ணா?
(வாசகி, நுவரெலியா)

நீங்கள் இருக்கிற ஊரிலிருந்தே பதில் தொடங்குகிறது தங்கச்சி. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பீதுருதாலகால, 2,524 மீற்றர், அங்கிருந்துதான் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி எங்களுக்கு வந்தது. ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15இல் தொடங்கினார்கள். இலங்கையில் டீவியே 1979இல் ஐ.டி.என். என்ற முதல் அலைவரிசை வந்த பிறகுதான். அமெரிக்கப் பிள்ளைகள் டீவிக்குள் பேய் சுட்டுக்கொண்டிருந்த வருடத்தில், நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) டீவி என்றால் கார் பெற்றரியில் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டி. தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ. பெற்றரியைச் சார்ஜ் ஏற்ற டவுனுக்குத் தோளில் தூக்கிப் போவார்கள். மின்சாரம் வந்த லயங்கள் மிகக் குறைவு.

1983ஐ அவர்கள் நினைப்பதும் நாம் நினைப்பதும் வேறு வேறு. அந்த ஆடியில் பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அதை எழுதாமல் அந்த ஆண்டின் விருதுப் பட்டியலை மட்டும் எழுத என்னால் முடியாது.

விளையாட்டு நம் பக்கம் வந்தது தொண்ணூறுகளில். ஜப்பானிய ஃபமிகொம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள். நாம் 'டீவி கேம்' என்றோம். மஞ்சள் கசட், அதன் மேல் 9999999 கேம் என்று அச்சு. ஹட்டனில் என் ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் பின்பக்கத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்தேன். டிக்கோயா, மஸ்கெலியாப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வந்து ஆடுவார்கள். அந்தக் கசட்டுகளில் செய்தவர் பெயர் மட்டுமல்ல, நிறுவனத்தின் பெயரையே பல தடவை அழித்திருப்பார்கள். இது யார் செய்தது அண்ணே என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு விடை தேடித்தான் மருதானையில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் இந்தச் சஞ்சிகைகளை வாங்க ஆரம்பித்தேன்.

கே: விருதைச் சஞ்சிகை ஆசிரியர்கள் முடிவு செய்வதா, வாசகர் வாக்கா, எது சரி?
(வங்கி ஊழியர், கண்டி)

ஆர்க்கி, ஆசிரியர்களின் முடிவு. வாசகருக்குப் பிடித்த கேம்களின் பட்டியலை அதே சஞ்சிகை தனியாக வெளியிட்டது. பிரித்தானியாவில் 1981 நவம்பரில் தொடங்கிய 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வேறு வழியில் போனது. அவர்களின் கோல்டன் ஜாய்ஸ்டிக் வாசகர் வாக்கில் நடந்தது. 1983இன் சிறந்த கேமாக 'ஜெட்பேக்' தேர்ந்தது. 16 கிலோ பைட் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஓடியது அது. அந்த விருது இன்றைக்கும் நடக்கிறது.

நான் ஆசிரியர் தெரிவின் பக்கம். வாக்கு எண்ணிக்கை எவ்வளவு பேருக்குப் பிடித்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம்.

கே: எலெக்ட்ரானிக் கேம்ஸ் இப்போதும் வருகிறதா?
(வாசகர், பண்டாரவளை)

இல்லை. 1983இல் அமெரிக்க கேம் வியாபாரம் சரிந்தது. தரமில்லாத கேம்கள் கடைகளில் குவிந்தன, விலை விழுந்தது. அட்டாரி விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் புதைத்தது. 2014இல் தோண்டி எடுத்தார்கள். விளம்பரம் வற்றினால் சஞ்சிகை என்ன செய்யும்? 1985இல் 'கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட்' என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அதே வருடம் நின்றது. 1992இல் பழைய பெயரில் மீண்டும் வந்து 1995 வரை ஓடியது. கங்கல் 2011இல் காலமானார். 'கேம் டாக்டர்' என்ற பெயரில் அவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர். இந்தப் பத்தியை நான் எழுதுவதற்கு அவர் ஒரு முன்னோடி.

பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்டர்நெட் ஆர்க்கைவில் போட்டிருக்கிறார்கள். காசு வேண்டாம்.

கே: என் மகன் கேம் செய்யப் படிக்கப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், ஹப்புத்தளை)

அக்கா, 'ஆடப் போகிறேன்' என்பதும் 'செய்யப் போகிறேன்' என்பதும் வேறு. செய்வதற்குக் கணக்கும் ஆங்கிலமும் பொறுமையும் வேண்டும். மூன்றுமே அவனுக்கு எங்கேயும் உதவும். கேம் செய்ய உதவும் 'கோடோ' என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஒருவாறு ஓடும். ஒரே ஒரு சின்ன கேமை முடித்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். முடித்துக் காட்டினால் அவனோடு உட்கார்ந்து நீங்களும் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

கே: மலையகப் பிள்ளைகள் செய்கிற கேம்களுக்கு நாமே ஒரு விருது வைத்தால் என்ன சேர்?
(பல்கலைக்கழக மாணவி, தலவாக்கலை)

இந்தக் கடிதத்தை நம் இதழாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன் மகள். அறுபதுகளில் வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் நடத்திய சிறுகதைப் போட்டிகளை அவர் நினைவுபடுத்தினார். தோட்டத்திலிருந்து எழுத ஆளுண்டா என்று கேட்டவர்களுக்கு அந்தப் போட்டிகள் பதில் சொன்னதாக அவர் சொன்னார். அதனால் வைக்கிறோம்.

தொலைபேசியிலோ கணினியிலோ ஓட வேண்டும். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் முடிந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும். வேலை செய்த அத்தனை பேரின் பெயரும் முதல் திரையில் இருக்க வேண்டும். படம் வரைந்து கொடுத்த தங்கை, சத்தம் பதிவு செய்த தாத்தா, யாரையும் விடக் கூடாது. பெயர் இல்லாமல் வருகிறதைத் திருப்பி அனுப்புவோம். பரிசு புத்தகங்கள்தான், பணம் இல்லை. வருகிற ஒவ்வொன்றையும் முழுதாக ஆடிப் பார்த்து, தேர்ந்ததற்கும் தேராததற்கும் காரணத்தை இந்தப் பக்கத்தில் என் பெயரோடு எழுதுவேன். கடைசி நாள் கார்த்திகை முடிவு, முடிவுகள் தை இதழில்.