35 நாட் வேகத்தில் 2000 கடல் மைல் போக முடியுமா?

கேள்வி: கடற்படை நேர்முகத் தேர்வுக்குப் படிக்கிறேன். கார் நிக்கோபார் வகை அதிவேகத் தாக்குதல் படகின் வேகம் 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்), பயணத் தூரம் 2000 கடல் மைல் என்று குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் இரண்டரை நாளில் அத்தனை தூரமும் போய்விடும்தானே? நண்பன் சிரிக்கிறான்.

பதில்: நண்பன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. உங்கள் வகுத்தல் சரி, வகுத்த எண்கள்தான் ஒன்றோடொன்று சேராதவை. 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கி.மீ., மூன்று டீசல் எஞ்சின்களையும் முழுசாக முடுக்கினால் கிடைப்பது. 2000 கடல் மைல் என்பது 12, 13 நாட் வேகத்தில் சிக்கனமாகப் போனால்தான். அதற்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் எஞ்சின் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும் என்பது கப்பல் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. பயண நேரம் பாதியாகிறது, சரி. அப்படியும் அதே தூரத்துக்கு டீசல் நாலு மடங்கு. அதிவேகப் படகுகளுக்கு இது அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் முழு வேகத்தில் போனால் அந்த 2000-இல் சிறு பங்குதான் தேறும். நேர்முகத்தில் தூரத்தைச் சொன்னால் எந்த வேகத்தில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நிபாட், நிர்காட், வீர் ஆகிய இந்திய ஏவுகணைப் படகுகளுக்கும் இதே தொல்லைதான். கில்தான், கச்சால் என்ற துணைக் கப்பல்களோடு, எரிபொருள் நிரப்பித் தர போஷக் என்ற எண்ணெய்க் கப்பலும் அந்த நடவடிக்கையில் இருந்தது. ஏவுகணையை மனப்பாடம் செய்கிறவர்கள் போஷக்கை மறந்துவிடுகிறார்கள்!

அப்புறம், வாட்டர்ஜெட் பற்றியும் கேட்கலாம். கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய கார் நிக்கோபார் படகுகளை ஓட்டுவது அதுதான். அடிப்பகுதியில் உள்ள வாய் வழியே நீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும். பீய்ச்சும் முனையைத் திருப்பினால் படகும் திரும்பும், தனியாகச் சுக்கான் தேவையில்லை. நிறுத்த வேண்டுமா? வாளி போன்ற ஒரு தடுப்பு பீய்ச்சலின் குறுக்கே இறங்கி நீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். அடியில் சுழலி (புரொப்பல்லர்) தொங்காததால் ஆழம் குறைந்த நீரிலும் நுழையலாம். குறை இல்லாமல் இல்லை: மெதுவாகப் போகையில் சுழலியைவிட டீசல் அதிகம் குடிக்கும், உறிஞ்சு வாயில் வலைத் துண்டோ பாலிதீனோ அடைத்தால் இழுவை உடனே குறையும்.