அகல டயரா, பெரிய டிஸ்க்கா, லேசான வீலா? ஸ்போர்ட்ஸ் பைக் கேள்வி-பதில்

இந்த வாரம் முழுக்க ஸ்போர்ட்ஸ் பைக்தான். நீளமாக எழுதியிருந்தவர்களின் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: யமஹா ஆர்15 வி4 வைத்திருக்கிறேன். பின் டயர் தேய்ந்துவிட்டது. கம்பெனி அளவு 140/70. கடைக்காரர், "150/60 போடுங்க தம்பி, பின்னாடி இருந்து பார்த்தா பெரிய பைக் மாதிரி இருக்கும், கிரிப்பும் கூடும்" என்கிறார். போடலாமா சார்? (ஓசூர் வாசகர்)

பதில்: பெரிய பைக் மாதிரி இருக்கும் என்பது சரி. கிரிப் விஷயத்தில்தான் கடைக்காரர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

140/70 என்றால் டயரின் அகலம் 140 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். டயரை விலை பேசுவதற்கு முன்னால் குனிந்து ரிம்மைப் பாருங்கள். ரிம்மின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் 17 என்ற எண்ணோடு சேர்த்து 3.50, 4.00 என்பதுபோல இன்னொரு எண் வார்த்திருக்கும். அதுதான் ரிம்மின் உள் அகலம், அங்குலக் கணக்கில். எந்த அளவு டயரை எந்த அகல ரிம்மில் மாட்டலாம் என்று டயர் கம்பெனிகள் வரம்பு வைத்திருக்கின்றன. 140/70 என்றால் 3.5 முதல் 4.5 வரை. 150/60 என்றால் 4 முதல் 4.5 வரை. உங்கள் ரிம் 4 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. குறுகலான ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே இழுபடும், நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். நேராகப் போகும்போது ரோட்டில் படுகிற பரப்பு குறையும். காசு கொடுத்து அகலத்தை வாங்கி, அதை ரோட்டில் படாமல் வைத்துக்கொள்வதில் என்ன லாபம்?

ரிம் இடம்கொடுத்தாலும் உயரக் கணக்கு ஒன்று இருக்கிறது. 140/70-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 628 மி.மீ. 150/60-17க்கு 612. அதாவது பைக்கின் பின்பக்கம் 8 மி.மீ. இறங்கிவிடும், முன் ஃபோர்க் அந்த அளவுக்குப் பின்னால் சாயும், வளைவில் சட்டென்று படுக்கிற குணம் மந்தமாகும். ஆர்15 வாங்குகிறவர்கள் பாதிப்பேர் அந்தக் குணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். 150/70 போட்டால் விட்டம் 642 ஆகிவிடும். அப்போது பின்பக்கம் ஏறும், டயர் செயினிலும் மட்கார்டிலும் உரசுகிறதா என்று பார்க்கிற வேலையும் சேரும். 18.4 பிஎஸ் என்ஜினுக்குக் கூடுதல் ரப்பரைச் சுழற்றுவது சும்மா வராது. பிக்கப்பும் மைலேஜும் அடிவாங்கும்.

என் யோசனை: அளவை மாற்றாதீர்கள், தரத்தை மாற்றுங்கள். அதே 140/70 ஆர்17 அளவில் நல்ல ரேடியல் டயர் (உள் இழைகள் நேர் குறுக்காக ஓடும் வகை) எம்ஆர்எஃப், அப்போலோ, டிவிஎஸ் யூரோகிரிப், மிஷலின் எல்லாரிடமும் இருக்கிறது. வாங்கும்போது 66எச் என்ற குறியீட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். "நான் எங்கே 210-ல போறேன்" என்று கேட்காதீர்கள். வேக எழுத்து என்பது சூட்டைத் தாங்கும் கணக்கும்தான்.

இன்னொன்று, உங்கள் பைக்கில் முன்னால் சாதா டயர் (இழைகள் சாய்வாக ஓடும் வகை), பின்னால் ரேடியல். கம்பெனியே அப்படித்தான் கொடுக்கிறது. இதைத் தலைகீழாக்கி முன்னால் ரேடியலும் பின்னால் சாதாவும் ஒருநாளும் போடக்கூடாது.

கேள்வி: தள்ளுபடியில் டயர் தருகிறார்கள். பழைய ஸ்டாக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (திருச்சி வாசகி)

பதில்: பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத் தயாரிப்பு. வெயில் படாமல் வைத்திருந்த ஒரு வருட டயரைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் விலையை இன்னும் இறக்கச் சொல்லுங்கள். நாலு வருடம் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், வெளிநாட்டு டயருக்கும் அது இங்கே கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி அதில் "தள்ளுபடி" கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது நின்ஜா 300. புதுப்பேட்டையில் கேடிஎம் ஆர்சி390-ன் இரண்டு வீலும் டிஸ்க்கோடு மலிவாகக் கிடைக்கிறது. "சின்னச் சின்ன லேத் வேலைதான், மாட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். 150 டயரும் பெரிய டிஸ்க்கும் ஒரே செலவில் வந்துவிடும் அல்லவா? (சென்னை வாசகர்)

பதில்: தம்பி, அந்தச் "சின்னச் சின்ன லேத் வேலை" என்னவென்று அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நான் ஒரு பட்டியல் சொல்கிறேன், ஒத்துப் பாருங்கள்.

ஆக்சில் தடிமன் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் மாற்ற வேண்டும். வீல் நட்டநடுவே நிற்க இரண்டு பக்கமும் புது புஷ் கடைய வேண்டும். பின் பல்சக்கரம் முன் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் விலகினாலும் செயின் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே இருக்கும். நின்ஜா 300-ன் முன் டிஸ்க் 290 மி.மீ. ஆர்சி390-ல் பழைய மாடலுக்கு 300, 2022 மாடலுக்கு 320. ஆகவே காலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, வெளியே தள்ளிப் பிடிக்கப் புது பிராக்கெட் வேண்டும். முழு பிரேக் விசையையும் தாங்கப்போவது அந்தத் துண்டுதான். அதை எந்த அலுமினியத்தில், யார், எந்தக் கணக்கில் வெட்டப்போகிறார்கள்?

உங்களுடையது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மாடல் என்றால் இன்னும் சிக்கல். வீலில் இருக்கும் பல் வளையத்தை சென்சார் எண்ணித்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது. முன் வீலும் பின் வீலும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் முடிவெடுக்கிறது. பல் எண்ணிக்கை மாறினால் அதற்குப் போகும் தகவலே பொய்யாகிவிடும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஏபிஎஸ் அணைந்துகொண்டால் அதிர்ஷ்டம். அணையாமல் தப்புக் கணக்கிலேயே ஓடினால்தான் ஆபத்து.

பழைய வீலுக்கென்று ஒரு சந்தேகமும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் வீல் தனியாக விலைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் அந்த பைக் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. பெயின்ட் அடித்த அலாய் வீலில் வெல்டிங் தெரியாது. ஆக்சில் போட்டுச் சுற்றிவிட்டு, விளிம்பை ஒட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மி.மீ. தாண்டினால் தொடவே வேண்டாம். வளைந்த அலாயைச் சூடேற்றி நிமிர்த்தித் தருகிறவர்கள் உண்டு, ஆனால் வார்ப்பு அலுமினியத்துக்கு அந்த வைத்தியத்தை நான் நம்புவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். அதே அளவில் வேறு பிராண்டு டயர் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. வேறு பைக்கின் வீல், டிஸ்க், லேத்தில் கடைந்த பிராக்கெட் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. ரோட்டில் போலீஸ் கவனிக்காமல் போகலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கவனிக்காமல் போகமாட்டார்.

அந்தப் பணத்தில் இரண்டு டயரும் நல்லதாகப் போட்டு, பிரேக் பேடும் மாற்றிவிடலாம்.

கேள்வி: 2014 மாடல் ஹோண்டா சிபிஆர்250ஆர். முன் பிரேக் பிடித்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஆன்லைனில் பிரபல இத்தாலி பிராண்டு காலிப்பர் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. மாஸ்டர் சிலிண்டரோடு மாற்றிவிடவா? (கோவை வாசகர்)

பதில்: பொறுங்கள். முதலில் காசில்லாத ஒரு சோதனை. லீவரைப் பலமுறை விட்டுவிட்டுப் பிடியுங்கள். பிடிக்கப் பிடிக்கக் கெட்டியானால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்தபடியே வைத்திருக்கும்போது லீவர் மெதுவாக ஹேண்டிலை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் (லீவரை ஒட்டி இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் போயிருக்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. சீல் கிட் மாற்றினால் தீரும் விஷயத்துக்குக் காலிப்பர் எதற்கு?

இரண்டும் இல்லையென்றால் பிரேக் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155-க்கு வந்துவிடுகிறது. ஊட்டி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது உள்ளே கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை நம் ஊரில் நிறையப் பேர் வண்டியை விற்கிற வரைக்கும் மாற்றுவதில்லை. சீல் பிரிக்காத புட்டியாக வாங்குங்கள். டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 என்று மட்டும் இருந்தால் அது சிலிகான், கலக்கக்கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது, ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் ஓஸ். இத்தனை வருட ரப்பர் ஓஸ் அழுத்தத்தில் உப்பும். உங்கள் விரல் கொடுக்கிற விசையில் ஒரு பங்கு ஓஸை உப்பவைப்பதிலேயே போய்விடும். எஃகுக் கம்பி பின்னிய ஓஸ் மாற்றினால் லீவர் கெட்டியாவது முதல் நாளே தெரியும். இந்த மொத்தப் பட்டியலிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன். ஏபிஎஸ் வண்டி என்றால், யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில மாடல்களில் கம்ப்யூட்டர் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது. அந்த வேலையை சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள்.

பேட் மாற்றும்போது டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். சின்டர்ட் பேட் (உலோகத் தூளை அழுத்திச் செய்தது) நன்றாகக் கடிக்கும், மழையிலும் கைவிடாது. ஆனால் அதற்காகச் செய்யப்படாத டிஸ்க்கைச் சீக்கிரம் தின்றுவிடும். புது பேட் படியும்வரை, முதல் இருநூறு முந்நூறு கி.மீ. பார்த்துப் போங்கள்.

இனி அந்த இத்தாலிக் காலிப்பர். மூன்றில் ஒரு பங்கு விலை என்பதிலேயே பதில் இருக்கிறது. அசலாகவே இருந்தாலும், காலிப்பர் பிஸ்டனின் பரப்பும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பும் ஒன்றுக்கொன்று ஜோடியாகக் கணக்கிடப்பட்டவை. ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் லீவர் கட்டையாகும், இல்லையென்றால் ஹேண்டிலைத் தொடும். ஆர்சி390, அப்பாச்சி ஆர்ஆர்310 வைத்திருப்பவர்களும் இதே காலிப்பருக்கு ஆசைப்படுகிறார்கள். அந்த வண்டிகளில் இருக்கும் பைப்ரே காலிப்பர், சின்ன பைக்குகளுக்காக இத்தாலியின் பிரெம்போ கம்பெனியே நடத்தும் பிராண்டுதான்.

கேள்வி: நின்ஜா 650-க்கு ஃபோர்ஜ்டு வீல் (வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்த லேசான வீல்) போட்டால் வித்தியாசம் தெரியுமா? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே (சொந்த பைக்கை ட்ராக்கில் ஓட்டும் நாள்) போகும் எண்ணம் உண்டு. (பெங்களூரு தமிழர்)

பதில்: தெரியும். சுழலும் எடை குறைந்தால் பைக் சீக்கிரம் எழும், சீக்கிரம் நிற்கும், லேசாகத் திரும்பும். ஆனால் பணத்தை வீலில் போட்டுவிட்டுப் பழைய டயரோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். முதல் வருடம் டயர், பிரேக் ஆயில், பேட், டயர் காற்றைச் சரியாக அளக்க நல்ல கேஜ். இவ்வளவு போதும். பிறகும் ஆசை இருந்தால் உங்கள் மாடலுக்கென்றே செய்த வீலாக வாங்குங்கள். 3.5, 4.5 அங்குல ரிம் அகலத்தையும் 120/70, 160/60 டயரையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: புது டயர் போட்டு மூன்றே மாதத்தில் பக்கச் சுவரில் கொப்புளம் மாதிரி புடைத்துக்கொண்டது. கடைக்காரர், "பள்ளத்துல விட்டிருப்பீங்க" என்று கைவிரிக்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வருத்தமான செய்தி, கடைக்காரர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அடிபட்டு உள்ளே இழை அறுந்தால்தான் பெரும்பாலும் அப்படிப் புடைக்கும். எதுவானாலும் அந்த டயரில் இனி ஓட்டாதீர்கள்.

தயாரிப்புக் குறையா, அடிபட்டதா என்று முடிவு சொல்ல வேண்டியது கடைக்காரர் அல்ல, டயர் கம்பெனியின் பரிசோதகர். பில்லையும் டயரின் வரிசை எண்ணையும் காட்டி, கம்பெனிக்கே புகார் கொடுத்து, டயரை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உள்பக்கச் சுவரில் இழை அறுந்த தடமும், நேர் எதிரே ரிம்மில் நசுங்கலும் இருந்தால் வழக்கு நிற்காது, விட்டுவிடுங்கள். ரிம்மில் கீறல்கூட இல்லை என்றால் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால், மன்னிக்கவும், புது டயருக்குப் பணம் எடுத்து வையுங்கள்.