படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு உதவ நினைப்போர் கேட்டவை

வெளிநாட்டில் இருந்து வந்து மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் தொண்டு செய்யவும் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேர்க்கவும் விரும்புவோரின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவரின் பதில்கள். படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை.

லண்டன், வயது 22: ரீச்சர், ஆகஸ்டில் மூன்று கிழமை லீவு கிடைக்குது. வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ் படிப்பிக்கலாமா?

பதில்: முதலில் பள்ளிக்கூடம் திறந்திருக்குமா என்று பாருங்கள் மகள். ஆகஸ்ட் வழமையாக இரண்டாம் தவணை விடுமுறை வரும் மாதம். அண்மைய ஆண்டுகளில் தவணைகள் முன்பின்னாகப் போயிருப்பதால், அந்த ஆண்டின் அட்டவணையை அதிபரிடம் கேட்டு வாங்கிய பிறகே ரிக்கெற் போடுங்கள். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்துக்கு மூடும். அவற்றுக்கு அட்டவணை வேறு. நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வரவே வேண்டாம். வெள்ளம் ஏறினால் கிரான், வாகரைப் பக்கத்தில் பாதை அறுந்துவிடும். பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்த சனத்துக்கு முகாமாகிவிடும்.

அடுத்தது வீசா. உல்லாசப் பயண வீசாவில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான். "சும்மா உதவிதானே" என்ற கதை குடிவரவுத் திணைக்களத்தில் எடுபடாது. உங்களுக்கு இலங்கைக் குடியுரிமையும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் அழைக்கும் அமைப்பின் ஊடாகப் பொருத்தமான வீசா எடுத்து வரவேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் வகுப்பெடுக்க அதிபர் தலையாட்டினால் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரண்டு மாதம் முன்னதாக எழுதுங்கள். பிரித்தானியாவில் இருந்து வருவோர் அங்கேயே சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் (குற்றப் பதிவு பற்றிய பொலிஸ் சான்று) எடுக்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் அதைக் கொண்டு வாருங்கள்.

இனிப் படிப்பிப்பது. இலக்கணத்தில் கை வைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அந்த ஊர் ஆசிரியர்தான் சிக்கெடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பேச வையுங்கள். 12 பிள்ளை, 40 நிமிடம், நாளுக்கு 8 புதுச் சொல். மறுநாள் முதல் 10 நிமிடம் நேற்றைய 8 சொல்லும் திரும்ப வரவேண்டும். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடப்புத்தகத்திலிருந்தே சொற்களை எடுங்கள். மாலை வகுப்பென்றால் 5 மணிக்கு முடித்துவிடுங்கள். பொழுதுபட்டால் யானை இறங்கும் ஊர்கள் அவை.

சூரிச்: மாதாமாதம் காசு அனுப்ப விருப்பம். ஊரில நம்பிக்கையான தம்பி ஒருத்தர் இருக்கார். அவர்ட கணக்குக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஒரு விபத்து என்றாலோ கத்தாருக்கு வேலைக்குப் போனாலோ கணக்கும் அவரோடு போய்விடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு, ஒருவர் தனியாக எடுக்க முடியாத இணைக் கையெழுத்துக் கணக்கு இருக்கும். அதில் போட்டு, எதற்கான காசு என்று கடிதம் வைத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். மாதாமாதம் அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் வங்கிக் கட்டணம் கடிக்கும். தவணைக்கு ஒரு தடவை, ஆண்டுக்கு மூன்று தடவை போதும்.

சிட்னி: ஜனவரியில் 100 பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் கொப்பியும் குடுக்கப் போறம். என்ன பை நல்லது?

பதில்: பையை விடுங்கள். ஜனவரியில் எல்லாரும் பைதான் கொண்டு வருகிறார்கள். ஒரே பிள்ளையிடம் மூன்று பை இருக்கும், ஜூனில் காலில் சப்பாத்து இருக்காது. வாங்க முதல் அதிபரிடம் பட்டியல் எடுங்கள். இதை இன்னும் பத்துத் தடவை சொல்ல வேண்டி வரும் என்று தெரியும்.

சப்பாத்துக்குப் பிள்ளையின் வயதைக் கேட்டு அளவு போட்டால் பாதி பொருந்தாது. ஒவ்வொரு பிள்ளையையும் காலுறையோடு தாளில் நிற்க வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றிக் கீறுங்கள். உட்கார்ந்திருக்கும் பாதம் சிறிதாக வரும். இரண்டில் பெரியதை எடுத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் கூட்டுங்கள். தாளில் பெயர், வகுப்பு எழுதி வெட்டி, அந்தத் தாளையே கடைக்குக் கொண்டு போங்கள். தாள் மடியாமல் உள்ளே போனால் அதுதான் அளவு.

கொப்பியென்றால் 6ஆம் தரத்துக்கு மேல் பாடத்துக்கு ஒன்று வைத்தாலே நிறைய வேண்டும். ஜனவரியில் பாதி, மிச்சம் இரண்டாம் தவணைக்கு. கணிதத்துக்குச் சதுர ரூல் கொப்பி மறக்காதீர்கள்.

ஸ்காபரோ, கனடா: ரீச்சர், பிள்ளையளிட படம் போடக்கூடாது எண்டு நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா படம் இல்லாம இங்க காசு சேராது. ஆயிரம் டொலர் தந்தவர் அந்தப் பிள்ளைட முகத்தைப் பார்க்கக் கேட்கிறார். அதில என்ன பிழை?

பதில்: உங்கள் மகனைத் தந்தவரின் பெயர் போட்ட பதாகைக்குக் கீழே, கையில் கொப்பியோடு நிறுத்தி அவன் வகுப்பு முழுவதற்கும் காட்டுவீர்களா?

களுவாஞ்சிகுடி: படம் இல்லாட்டி நாங்க காசைத் திண்டுட்டம் எண்டு கதை கட்டுவாங்களே கா?

வெல்லாவெளிப் பக்கத்து அதிபர்: நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கொப்பி கொடுத்த விழாவில், பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் நின்றதில் மூன்று பாடவேளை போனது. 40 பிள்ளைக்குக் கொப்பி, 200 பிள்ளைக்குப் பாடம் இல்லை.

ஸ்காபரோ: அதிபர் வேண்டாம் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே?

வெல்லாவெளிப் பக்கத்து அதிபர்: சொன்னால் அடுத்த வருடம் கொப்பி பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும், தம்பி.

பதில்: அதிபர் சொன்னதுதான் விசயம். தருபவரிடம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அதனால் தாய் சம்மதித்தார் என்று காட்டும் கையெழுத்துக்கும் பெறுமதி குறைவு. பிள்ளையின் முகம், பெயர், ஊர், "தகப்பன் இல்லாதவர்" என்ற வரி நான்கும் ஒரே பதிவில் போனால், முன்பின் தெரியாத எவனும் அந்த வீட்டுப் படலைக்கு வரலாம். பத்து வருடம் கழித்துக் கல்யாணம் பேசும்போதும் அந்தப் படம் இணையத்தில் கிடக்கும்.

களுவாஞ்சிகுடிக்கு: கணக்கைக் காட்டினால் கதை நிற்கும். கடைப் பில், சங்கத்தின் பற்றுச்சீட்டு, எத்தனை பேருக்கு என்ன கொடுத்தது என்று அதிபர் ஒப்பமிட்ட தாள். பெயரை மறைத்து, தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வந்தது எத்தனை வீதம் என்ற இரண்டு எண். படம் கட்டாயமென்றால், வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து எடுத்தது: பிள்ளைகளின் முதுகு, கரும்பலகை, அதில் அன்றைய திகதி. அந்தத் திகதியை மாற்றி எழுதிப் படம் எடுக்க முடியாதா என்று யாரும் கேட்க முதல் சொல்கிறேன்: முடியும். அதனால்தான் பில்லும் வேண்டும்.

ஸ்காபரோ: பார்ப்பம். கஸ்டம்தான்.

நோர்வே: காசு யார்ட கணக்குக்குப் போடுறது?

பதில்: மேலே சூரிச்சுக்குச் சொன்னது.

ஹரோ, லண்டன்: குடுக்கிற காசுக்கு மேல அரசாங்கத்திட்ட இருந்து 25 வீதம் கிடைக்கும் எண்டு இங்க சிலர் சொல்றாங்க. உண்மையா?

பதில்: உண்மை, அது கிஃப்ட் எயிட். அங்கு வருமானவரி கட்டுபவர், அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கு 1 பவுண் கொடுத்தால் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்க்கும். வட்சப் குழுவுக்குக் கிடைக்காது. கனடாவிலும் பதிவுபெற்ற அறநிறுவனம்தான் வரிப் பற்றுச்சீட்டு தரலாம். புதிதாகப் பதிய ஓடாமல், ஏற்கெனவே பதிந்த ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து, உங்கள் காசுக்குத் தனிக் கணக்குத் தாள் கேளுங்கள்.

திருக்கோவில்: ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்க ஆள் இருக்கு. பிள்ளைட பேரில வங்கிக் கணக்கு திறக்கலாமா?

பதில்: சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் பொதுவாக 18 வயது வரை எடுக்க இயலாது. பஸ் காசுக்கு அது உதவாது. மாதச் செலவுக்குத் தாயின் கணக்கு, பின்னாளுக்குச் சேமிப்புக் கணக்கு என இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 10ஆம் தரத்தில் காசு நின்றால் பிள்ளையும் நின்றுவிடும்.

பேர்லின்: சிறுவர் இல்லத்தில ஒரு மாதம் தொண்டு செய்யலாமா?

பதில்: என் துறை இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். ஒரு மாதம் பழகி விட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்பது மட்டும் தெரியும்.

மெல்பேண்: 20 சைக்கிள் வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் வேண்டாம், அங்கு பஸ் ஓடுகிறது. படுவான்கரையில் உள்ளூர்க் கிறவல் வீதிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 6ஆம் தரப் பிள்ளைக்கு 26 அங்குலச் சில்லுச் சைக்கிள் உயரம் கூடிப்போகும். கால் நிலத்தில் முட்டாது. பின்னால் கரியர் கட்டாயம், தம்பி தங்கச்சி அதில்தான் வருவார்கள். 20 சைக்கிளுக்கு 2 பம்பும் ஒட்டுச் சாமான் பெட்டியும் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். கிறவலில் முதலில் போவது ரியூப், அதுக்குக் காசில்லாமல் சைக்கிள் வேலியில் சாய்ந்து கிடக்கும். சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கு திருத்தத்துக்கு ஒதுக்குங்கள்.

டென்மார்க்: 50 பை அனுப்ப...

பதில்: பட்டியல் எடுங்கள். அதிபரிடம்.

பழுகாமம்: ரீச்சர், காசு குறைவு. ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் எண்டால்?

பதில்: 10, 11ஆம் தரத்துக்குக் கணித வகுப்பு. பிள்ளைகள் அதிகம் விழுவது அங்கேதான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களில் இருவரைப் பிடியுங்கள். ஒருவருக்கு அனுமதி வந்தால் மற்றவர் தொடர்வார். கிழமைக்கு 3 நாள், நாளுக்கு 2 மணித்தியாலம், 40 கிழமைக்கு 240 மணித்தியாலம். மாசியில் அறுவடை, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, பிறகு மழை என்று கழித்தால் 200 மிஞ்சும். கொடுப்பனவை மாதச் சம்பளமாக அல்லாமல், எடுத்த மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். 25 பேருக்கு மேல் ஒரு வகுப்பில் போடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தேநீரும் பணிசும் இருந்தால் வரவு கூடும், அந்தக் காசையும் முதலே ஒதுக்கி வையுங்கள்.